வலம் என்பதை இடம் என்று கொள்க

திரேஸ்புரம் கடலில் எடுக்கப்படும் ஒவ்வொரு சங்கும், விற்பனைக்குப் போகுமுன், தன்னை எடுத்தவரோடு சேர்ந்து ஒரு படம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. ஆணை நியாயமானதுதான். கடலிலிருந்து என்ன போகிறது, யார் கொண்டுபோகிறார் என்பது அரசுக்குத் தெரிய வேண்டாமா? இதற்காகக் 'கடல்விழி' என்றொரு செயலி உண்டாக்கப்பட்டது. செயலிக்கு ஓர் அலுவலகம், அலுவலகத்துக்கு ஓர் உதவி மண்டல அலுவலர், அலுவலருக்கு ஒரு சுழல் நாற்காலி, எல்லாம் முறைப்படி உண்டாயின. சங்கு மட்டும்தான் முன்பே இருந்தது.

எடுத்தவர் முகமும் எடுத்த சங்கும் ஒரே படத்தில் வர வேண்டும் என்பது விதி. ஆகவே அந்தச் செயலியில் முன்பக்கக் கேமரா மட்டுமே திறக்கும். கையை நீட்டி, சங்கைக் கன்னத்தோரம் தூக்கிப் பிடித்து, தன்னைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் இளசுகள் எடுத்துக்கொள்வதைப் போலத்தான். கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் சங்குகுளிக்காரர்களுக்கும் இந்த நாகரிகம் போய்ச் சேர வேண்டும் என்று எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் யாரோ நினைத்திருக்கிறார்கள்.

முதல் நாள் முதல் ஆளாக வந்தவர் ரோச். வயது ஐம்பத்திரண்டு. அதில் முப்பத்து நாலு வருஷம் சங்கு குளித்தே போயிற்று. அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான். சாகுமுன் ஒரு வலம்புரி எடுத்துவிட வேண்டும். சங்கின் ஒடுங்கிய வால்முனையை மேலாகப் பிடித்தால், வாய் இடப்பக்கம் திறந்திருப்பது சாதா. கடலில் கிடப்பதெல்லாம் அதுதான். வாய் வலப்பக்கம் திறந்திருந்தால் அது வலம்புரி. லட்சத்தில் ஒன்று. ரோச்சின் அப்பாவும் ஆயுசு முழுக்கத் தேடிப் பார்த்தார். கிடைக்காமலே கல்லறைக்குப் போனார். ரோச் எடுத்த ஒவ்வொரு சங்கையும் வாய் எந்தப் பக்கம் என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். இதுவரை எல்லாமே இடப்பக்கம்தான்.

அன்று அவர் சாக்கில் முப்பத்தெட்டுச் சங்கு இருந்தது. முப்பத்தெட்டோடும் முகத்தைச் சேர்த்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். பதிவு உதவியாளர் அனுசியா அவற்றைக் கணினியில் ஏற்றினாள். உதவி மண்டல அலுவலர் சிவபாலன் திரையைப் பார்த்தார். நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார்.

"அனுசியா, இந்த வருஷம் நமக்கு டார்கெட் என்ன?"

"வலம்புரி ரெண்டு சார்."

"முப்பத்தெட்டு வந்திருக்கு."

ரோச்சுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சார், இத நேர்ல பாருங்க. வாய் எந்தப் பக்கம் இருக்கு?"

"இடப்பக்கம்."

"அப்ப சாதா சங்கு."

"படத்துல வலப்பக்கம் இருக்கே."

"படம் மாத்திக் காட்டுது சார். கண்ணாடியில மொகம் பாக்கோம்லா, அது மாதிரி."

சிவபாலன் பொறுமையான மனிதர். "ரோச், நான் சங்கைப் பதிவு பண்ண இங்க உட்காரல. வாசல்ல போர்டு பாத்தீங்களா? கடல்பொருள் படப்பதிவு மண்டல அலுவலகம். சங்கு எப்படி வேணும்னாலும் இருந்துட்டுப் போகட்டும். அது அதோட சொந்த விஷயம். படம் வலம்புரி."

"சார், என் மொகத்தப் பாருங்க. எனக்கு இடது புருவத்துல தழும்பு. படத்துல வலது புருவத்துல இருக்கு பாருங்க."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். சிவபாலன் ரோச்சின் அனுமதி அட்டையை வாங்கிப் பார்த்தார். அடையாளக் குறி: இடது புருவத்தில் தழும்பு. படத்தைப் பார்த்தார். வலது. அவர் முகம் மாறியது. படத்தில் இருப்பவர் ரோச்தானா என்ற அடிப்படை ஐயம் எழுந்துவிட்டது. ஆள் மாறாட்டம் என்றால் குளிக்கும் அனுமதியே போய்விடும். முக்கால் மணி நேரம் விவாதித்து, ரோச்சின் அட்டையில் 'இடது' என்பதை அடித்து 'வலது' என்று எழுதி, முத்திரை குத்தி, ரோச் ரோச்தான் என்று நிலைநாட்டினார்கள். ரோச் வெளியே வந்ததும் தன் புருவத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். இடப்பக்கமேதான் இருந்தது. இனி அது சட்டப்படி செல்லாத தழும்பு.

முப்பத்தெட்டுச் சங்கும் அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டி, அரக்கு வைத்து முத்திரையிடப்பட்டன. மேலிடத்துத் தணிக்கை வரும்வரை அவை அங்கேயே இருக்கும் என்றார்கள்.

இதற்கிடையில் இன்னொரு குறையும் தென்பட்டது. எல்லாப் படங்களிலும் ரோச்சின் தலைக்குப் பின்னால் அலுவலகப் பெயர்ப்பலகை திருப்பிப்போட்ட எழுத்தில் தெரிந்தது. மேலிடத்துக்குப் போகும் படத்தில் அலுவலகத்தின் பெயரே வாசிக்க முடியாமல் இருப்பது ஒழுங்கீனம். சிவபாலன் பெயிண்டரை வரவழைத்து, பலகையைத் திருப்பிப்போட்ட எழுத்தில் எழுதச் சொன்னார். இப்போது படத்தில் பெயர் பளிச்சென்று தெரிந்தது. தெருவில் நின்று பார்ப்பவர்களுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. அதன்பின் மூன்று வாரத் தபால் பக்கத்து ஐஸ் கம்பெனிக்குப் போயிற்று. போன தபாலெல்லாம் பத்திரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது.

ரோச் மனுக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார். 'என் சங்குகள் சாதாச் சங்குகளே, அவற்றைத் தயவுசெய்து திருப்பித் தரவும்' என்று முழுத்தாளில் எழுதினார். மனுவையும் செயலி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். மனுதாரர் மனுவைக் கையில் பிடித்தபடி படம் எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது. 'எழுத்து புரியவில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது. நடவடிக்கை முடிக்கப்படுகிறது.'

வீட்டில் அவர் மனைவி ஆக்னஸுக்குக் கோபம் வந்தது. அலுவலகத்தின்மேல் அல்ல, ரோச்சின்மேல்.

"இங்கேருங்க, கட்டிட்டு வந்த நாள்ல இருந்து வலம்புரி வலம்புரின்னு என் உசுர எடுத்தீய. இப்ப கவர்மெண்டே பாத்து முப்பத்தெட்டு குடுத்திருக்கு. வேண்டாங்கியளே."

"அது வலம்புரி இல்ல ஆக்னஸ்."

"கவர்மெண்ட விட ஒங்களுக்குத் தெரியுமோ?"

"கடலுக்குள்ள போயி எடுத்தது நானுல்லா?"

"எடுத்தது நீங்க. பேரு வச்சது அவுக. பேரு வச்சவுக சொல்லுததுதான் பேரு."

இதற்கு மூன்றாம் நாள் சங்குகளே பதில் சொல்லிவிட்டன. கடலிலிருந்து வரும் சங்குக்குள்ளே சதை இருக்கும். கரைக்கு வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். அலமாரியில் வைத்து அரக்கு முத்திரை போட்டால், சதை அரக்குக்குக் கட்டுப்பட்டு இருந்துவிடாது. முதல் நாள் சிவபாலன் அதைக் கடல் மணம் என்றார். இரண்டாம் நாள் வலம்புரிக்கே உரிய தெய்வீக மணமாக இருக்கலாம் என்றார். மூன்றாம் நாள் அனுசியா துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து கோப்பு எழுதினாள். நான்காம் நாள் ஐஸ் கம்பெனிக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள், நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, முப்பத்தெட்டுச் சங்கும் ரோச்சிடமே ஒப்படைக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ். 'இது வலம்புரி எனப் படத்தின்வழி உறுதி செய்யப்படுகிறது.' கையொப்பம், முத்திரை, மூலையில் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம்.

சங்கு வியாபாரி செந்தூர்பாண்டி அண்ணாச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். ரோச் ஒளிக்கவில்லை.

"அண்ணாச்சி, இதெல்லாம் சாதா. நீரே பாரும்."

"சங்க எதுக்குவே நான் பாக்கணும்? சான்றிதழக் காட்டும்."

காட்டினார். அண்ணாச்சி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முத்திரையைத் தடவினார். "சுத்தமான வலம்புரி. நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இப்படி முத்திர பாத்ததில்ல" என்று முப்பத்தெட்டையும் எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு நடந்ததை யாராலும் நிறுத்த முடியவில்லை. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் எல்லாரும் வலம்புரியாகவே எடுத்தார்கள். ஒரு பருவத்தில் நாலாயிரத்து இருநூறு. சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்கினால் வலம்புரி இலவசம் என்று விளம்பரம் வந்தது. கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு வலம்புரி கொடுத்தார்கள். நவீன ரசனை உள்ளவர்கள் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டு, சங்கைப் பரணில் போட்டார்கள். யாருக்காவது சந்தேகம் வந்தால் பரணிலிருந்து இறக்கி, கன்னத்தோரம் வைத்து ஒரு செல்பி எடுத்துப் பார்ப்பார்கள். செல்பியில் அது வலம்புரியாகவே தெரியும். சந்தேகம் தீர்ந்துவிடும்.

மண்டலங்களுக்குள் முதலிடம் பெற்றதற்காக விழா எடுத்தார்கள். முதல் முப்பத்தெட்டை எடுத்த ரோச்சுக்குப் பொன்னாடை போர்த்தி 'வலம்புரிச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தார்கள். மேடை ஏறுமுன் அவர் மூன்று தடவை வேண்டாம் என்றார். நாலாவது தடவை ஆக்னஸ் முறைத்தாள், ஏறிவிட்டார். பொன்னாடை நல்ல கனமாக இருந்தது. கைதட்டலும் குறைவில்லை. இறங்கும்போது, ஒருவேளை அதில் ஒன்றிரண்டாவது வலம்புரியாக இருந்திருக்குமோ என்றுகூட ரோச்சுக்குத் தோன்றியது. மனிதர்தானே.

பருவம் முடிகிற சமயத்தில் இடி விழுந்தது. செயலியின் புதிய பதிப்பு வந்தது. அனுசியா குறிப்பை வாசித்தாள். "சார், 'படத் திசைத் திருத்தம். இடம் வலமாகத் தெரிந்த குறை சரிசெய்யப்பட்டது'ன்னு போட்டிருக்கு."

அன்று முதலில் வந்தவரின் சங்கைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வாய் இடப்பக்கம். அசல் சாதா. சிவபாலன் அந்தப் படத்தைப் பதிவேறவிடாமல் நிறுத்தினார். கணினியை அணைத்தார். மின்விசிறியையும் அணைத்தார். பதிவு மூன்று நாள் ரத்து என்று எழுதி ஒட்டச் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். இனிமேல் வருவதெல்லாம் சாதா என்றால், இதுவரை வந்ததெல்லாம் என்ன? நாலாயிரத்து இருநூறு சான்றிதழிலும் அவர் கையெழுத்து.

மூன்றாம் நாள் சுற்றறிக்கை வெளியானது.

'பொருள்: படத் திசைத் திருத்தம், தெளிவுரை வழங்குதல் தொடர்பாக. செயலியின் புதிய பதிப்பில் வலம் என்று தெரிவதை இடம் என்றும், இடம் என்று தெரிவதை வலம் என்றும் கொள்க. ஐயம் எழுமாயின், அவ்வையத்தையும் மேற்கண்டவாறே கொள்க.'

திருத்தம் திருத்தப்பட்டுவிட்டது. சங்குகுளிக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். சாதா மறுபடி வலம்புரி ஆயிற்று.

அதற்கு மறுநாள் ரோச் எட்டுப் பாகம், அதாவது ஐம்பதடிக்குக் கிட்ட, ஆழத்தில் இருந்தார். தண்ணீர் கலங்கலாக இருந்தது. கண்ணைவிடக் கைதான் உதவும். சேற்றில் ஒரு சங்கு தட்டுப்பட்டது. விரல் வழக்கம்போல வாயைத் தேடி இடப்பக்கம் போனது. அங்கே வாய் இல்லை. ஓடு. விரல் தானாகவே வலப்பக்கம் நகர்ந்தது. அங்கே வாய் திறந்திருந்தது.

ரோச் மூச்சை மறந்தார். மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபோது மூழ்கும்போது போடும் கண்ணாடிக்குள்ளே கண்ணீர். கடல் தண்ணீர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கண்ணாடி ஒழுகாத கண்ணாடி. வெயிலில் சங்கைத் தூக்கிப் பிடித்தார். வாலை மேலாக்கினார். வலப்பக்கம். கீழே வைத்து மறுபடி எடுத்துப் பார்த்தார். வலப்பக்கமேதான். முப்பத்து நாலு வருஷமும் அவர் அப்பாவின் ஆயுசும் அந்தக் கைக்குள் இருந்தது. வள்ளத்தில் இருந்தவர்களும் பார்த்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக ரோச் தன் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. இதை ஆக்னஸிடம் சொல்ல வேண்டாம்.

அலுவலகத்தில் நல்ல கூட்டம். ரோச் சங்கைக் கன்னத்தோரம் வைத்துப் படம் எடுத்தார். புதிய பதிப்பு உள்ளதை உள்ளபடி காட்டியது. அனுசியா திரையைப் பார்த்து, சங்கைப் பார்த்து, மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அண்ணே, இது..." என்றாள்.

சிவபாலன் வந்து பார்த்தார். அவருக்கும் கண் இருக்கிறது. பிறகு சுற்றறிக்கையை எடுத்தார்.

"படத்துல வலம். ஆகவே இடம். இது சாதாச் சங்கு, ரோச்."

"சார், கண்ணால பாருங்க சார். இதுதான் வலம்புரி. மத்ததெல்லாம் தப்பு."

"கண்ணுக்கும் சுற்றறிக்கை பொருந்தும். சரி, இது வலம்புரின்னா அந்த நாலாயிரத்து இருநூறும் என்ன?"

"சாதா சார். மொத நாளே சொன்னேன்லா?"

"சொன்னீங்க. அப்புறம் பொன்னாடை வாங்கினீங்க."

பின்னால் வரிசையில் சாக்கோடு நின்றவர்கள் வாய் திறந்தார்கள்.

"ரோச் அண்ணே, ஒம்ம ஒத்தச் சங்குக்காக எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுராதீரும்."

"நீரு வித்த முப்பத்தெட்டையும் திருப்பிக் கேட்டு வருவாவ, பாத்துக்கிடும்."

"சாதான்னு எழுதிட்டுப் போவும். சங்கு ஒம்ம கையிலதான இருக்கப் போவுது? வீட்டுல வச்சு வேண்டிய மட்டும் பாரும்."

கடைசியாகச் சொன்னது ரோச்சுக்கு நியாயமாகப் பட்டது. தாளில் என்ன எழுதியிருந்தால் என்ன, சங்கு தன்னிடம் இருந்தால் போதாதா? 'நான் எடுத்த இச்சங்கு சாதாரணச் சங்கே என மனமார ஒப்புக்கொள்கிறேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

அனுசியா 'சாதாரணம்' என்று எழுதிய பிளாஸ்டிக் தொட்டியை எடுத்தாள். பருவம் முழுக்க அதில் ஒரு சங்குகூட விழுந்ததில்லை. அவள் சாப்பாட்டு டப்பாவைத்தான் அதில் வைத்திருந்தாள். டப்பாவை வெளியே எடுத்துவிட்டு, சங்கை உள்ளே வைத்து, பதிவுப் பொத்தானை அழுத்தினாள். கணினித் திரை முழுக்கச் சிவப்பாயிற்று.

'எச்சரிக்கை. இவ்வாண்டு இம்மண்டலத்தில் பதிவான சாதாரணச் சங்குகள்: ஒன்று. ஆண்டுக்குப் பத்துக்கும் குறைவாகக் கிடைக்கும் இனம் அரிய இனம் ஆகும். உடனே அரசுடைமையாக்குக.'

சிவபாலன் எழுந்து நின்றார். சங்கை இரண்டு கையாலும் தூக்கினார், பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல. "நம்ம மண்டலத்துல ஒரு சாதாச் சங்கு. ரோச், நீங்க பெரிய ஆள். தலைமையகத்துல கண்ணாடிப் பேழைக்குள்ள வைப்பாங்க."

ரோச் மேசையைப் பிடித்துக்கொண்டார். "சார், அது வலம்புரி சார். வலம்புரிதான் ஒங்ககிட்ட நாலாயிரம் இருக்கே. அரிது இல்லல்லா? என்கிட்ட குடுத்துருங்க."

"எனக்கும் குடுக்க ஆசைதான். ஆனா சாதான்னு இப்பதானே மனமார ஒப்புக்கிட்டீங்க."

"சதையாவது எடுத்துட்டுத் தாரேன் சார்."

"வேண்டாம். ஒரு தடவை பட்டாச்சு, நாங்களே எடுத்துக்கிடுதோம்" என்றாள் அனுசியா. அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் ரசீதைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தாள்.

பேழைத் திறப்பு விழாவுக்கு ரோச்சை அழைத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் சங்கு இருந்தது. வாலை மேலாக்கி, வாயை வலப்பக்கம் திறந்துகொண்டு. கீழே பித்தளைத் தகட்டில் 'மிக அரிய சாதாரணச் சங்கு' என்று பொறித்திருந்தது. பேழைக்கு முன்னால் நின்று மக்கள் வரிசையாகத் தங்கள் சொந்தப் போனில் செல்பி எடுத்தார்கள். திசைத் திருத்தம் அதற்கு வந்திருக்கவில்லை. எடுத்த படத்தைப் பார்த்து, "ஆமா, சாதாதான். வாய் இடப்பக்கம் இருக்கு பாரு" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். ரோச் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். கூடாது என்றார் காவலர்.

அடுத்த வாரம் ரோச் சாக்கோடு அண்ணாச்சியின் சரக்குக் கிட்டங்கிக்குப் போனார். கிட்டங்கி முழுக்க வலம்புரி மலை போலக் குவிந்திருந்தது. அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"வாரும் செம்மலு. இனிமே வலம்புரிய எவன்வே வாங்குதான்? தெருவுக்குத் தெரு கெடக்கு. இப்ப எல்லாவனும் சாதா கேக்கான். பேழைக்குள்ள இருக்குல்லா, அந்த மாதிரி. சென்னையில இருந்து பெரிய எடத்து ஆளுக போன் மேல போன் போடுதாவ. ஒம்மகிட்ட சாதா ஒண்ணு இருக்குமா?"

"இதெல்லாமே சாதாதான் அண்ணாச்சி" என்றார் ரோச்.

"அதுக்குச் சான்றிதழ் இருக்கா?"

ரோச் காலடியில் இருந்த சாக்கைப் பார்த்தார். உள்ளே நாற்பத்தொரு சாதாச் சங்கு இருந்தது. நாற்பத்தொன்றுக்கும் வலம்புரி என்று முத்திரை குத்திய தாள் இருந்தது.